பொறு என்றுதான் கத்தினாள்

பொழுது இன்னும் புலரவில்லை. மில்லிக்கன் பகுதியின் வடக்கு ஓரத்தில், உறைபனி இறுகிய வாகனத் தரிப்பிடத்துக்கு அப்பால், அந்த ரொட்டித் தொழிற்சாலை மட்டும் விழித்திருந்தது. மாக்குழைக்கும் இயந்திரம் உறுமிற்று. மா மூட்டைகள் வாய் பிளந்தன. வெண்தூள் எழுந்து விளக்குகளை மறைத்தது. வியர்வையில் படிந்து முகத்தில் களியாயிற்று. மூக்கில் ஏறி இருமலாய் வெளியேறிற்று. மாக்கஸ் என்னும் ஜமேய்க்காக்காரன் குழைத்த மாவைப் பாளம் பாளமாகத் தூக்கி ஓடும் பட்டியில் எறிந்தான். பட்டி அதை இழுத்துச் சென்று இரண்டு உருக்கு உருளைகளுக்கு ஊட்டியது. உருளைகள் அதை நசுக்கித் தகடாக்கின. அந்தத் தகடு ரொட்டியாகி, உறைந்து, பையில் அடைபட்டு, ஸ்காபறோவின் தமிழ்க் கடைகளில் ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்ற பெயரோடு கிடக்கும். எந்த அம்மாவின் கை என்று எவரும் கேட்பதில்லை.

உருளைகளின் அருகே இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒட்டிய மாவைச் சுரண்டுவது இளையவளான நிலாணியின் வேலை. தகட்டின் ஓரங்களைச் சீவுவது புனிதவதியின் வேலை. விசிட்டர் விசாவில் வந்திறங்கி, அகதிக் கோரிக்கை வைத்து, விசாரணைக்குக் காத்திருப்பவள் புனிதவதி. மல்வேர்னில் ஒரு நிலக்கீழ் அறை அவளுக்கு வீடு. கதவு தட்டப்பட்டால் அஞ்சுவாள். தபால்காரனைக் கண்டால் அஞ்சுவாள். இந்நாட்டில் அவளுக்கென்று இருந்தவை அவளுடைய இரண்டு கைகள்.

அந்த ஆலையில் மேற்பார்வையாளர் என்று தனியாக எவரும் இல்லை. தேவையும் இல்லை. அச்சம் அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்தது. சுவரிலே தமிழிலும் ஆங்கிலத்திலும் பிலிப்பைன்ஸ் மொழியிலும் ஒருங்கே எழுதப்பட்டிருந்தது ஒரேயொரு வாக்கியம்: ‘வேலை நேரத்தில் கதைக்கக் கூடாது.’ உருளைக்குள் கை வைக்காதே என்ற எச்சரிக்கையோ ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அதன்மேலும் மா அப்பியிருந்தது.

முன்பு பட்டியின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. எவர் எங்கு நின்று இழுத்தாலும் எல்லாம் நிற்கும். கோடையில் முதலாளி றெமிஜியஸ் அதை அவிழ்த்துவிட்டார். ஆளாளுக்கு இழுக்கிறார்கள், மா வீணாகிறது என்றார். அதன்பின் நிறுத்தவும் ஓட்டவும் ஒரே விசைதான்; அது மாக்கஸின் பக்கத்தில் இருந்தது. உருளையடிக்கும் விசையடிக்கும் நடுவே இரைச்சல் மலைபோல் நின்றது. போதாததற்கு எல்லோர் செவியிலும் காதடைப்பு. தமிழரோடு பல காலம் உழைத்த மாக்கஸ், அந்த இரைச்சலைத் தாண்டி வரும் சில சொற்களைக் கற்று வைத்திருந்தான். தள்ளு. எடு. போடு. ‘போடு’ என்றால் விசையைப் போடு.

அன்று மா சிக்கிற்று. மாக்கஸ் பட்டியை நிறுத்தினான்; குழைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. நிலாணி உருளைகளுக்கிடையே கையை விட்டுச் சுரண்டினாள். விசையில் கைவைத்து அவன் காத்திருந்தான். அவனுடைய தோள் அசைவதைப் புனிதவதி கண்டாள். நிலாணியின் கை இன்னும் உள்ளே! அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

“பொறு!”

உருளைகள் சுழன்றன. வெள்ளையாய் உள்ளே போன தகடு சிவப்பாய் வெளியே வந்தது.

நிலாணியின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. அம்புலன்ஸின் ஓலம் தெருமுனையில் தேய்ந்ததும் றெமிஜியஸ் இரண்டு கட்டளைகள் இட்டார். உருளைகளைச் சுடுநீர் ஊற்றிக் கழுவுங்கள். நாளை விடியப் பட்டி ஓடும். பின்பு தொழிலாளரை ஒவ்வொருவராய்த் தம் அறைக்கு அழைத்தார். புனிதவதியின் முறை வந்தது.

“இரும், தங்கச்சி. தேத்தண்ணி குடிக்கிறீரோ?”

“வேண்டாம், அண்ணை.”

அவரை ‘பொஸ்’ என்று அழைக்க அவர் விடுவதில்லை. “நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம், அண்ணை எண்டு கூப்பிடுங்கோ” என்பது வேலைக்கு வரும் ஒவ்வொரு தமிழருக்கும் அவர் செய்யும் முதல் உபதேசம். அண்ணனிடம் எவரும் கூலி உயர்வு கேட்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“விசையைப் போட்டது ஆர்?”

“மாக்கஸ்.”

“ஆர் சொல்லிப் போட்டவன்?”

புனிதவதி அந்தக் கணத்தைத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். தான் கத்தியதும் உருளை சுழன்றதும் ஒரே கணம். ஏன்? பொறு என்றல்லவா கத்தினாள்?

“ஒருத்தரும் சொல்லேல்லை,” என்று விடையையும் அவரே கூறினார். “அவன் தன்ரை பாட்டிலை போட்டவன். உந்தக் கறுவல் வெறியிலை வந்திருப்பான். தொழிலமைச்சிலை இருந்து ஆக்கள் வந்தால் நீர் உதைத்தான் சொல்லோணும்.”

“அண்ணை, அவர் குடிக்கிறேல்லை…”

“உமக்குக் கேஸ் நடக்குதெல்லோ?”

அவர் குரல் உயரவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே பேசினார்.

“பொலிஸ், விசாரணை எண்டு உம்முடைய பேர் அடிபட்டால் அங்கை கேஸ் விசாரிக்கிறவை என்ன நினைப்பினம்? எங்கடை ஆக்களை நான்தானே காப்பாத்தோணும். யோசியும். நாளைக்கு நிலாணியின்ரை இடத்திலை நீர் நில்லும்.”

“ஓம், அண்ணை.”

அந்த ‘ஓம்’ அவள் சொன்னதன்று. அச்சம் அவள் வாயால் சொன்னது.

வேலை முடிந்து ஸ்ரீல்ஸ் வீதியின் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தபோது காற்று முகத்தைக் கீறியது. வழமையாக நெருங்கி நின்று குளிர்காய்பவர்கள் அன்று தள்ளித் தள்ளி நின்றார்கள். பொதிசெய்யும் பிலிப்பைன்ஸ்காரி மெலனி தன் சப்பாத்தைப் பார்த்தாள். குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வாகீசன் தொலைபேசியைப் பார்த்தான். திரையில் வெளிச்சம்கூட இல்லை. ஒரே கூரையின் கீழ் உழைத்தவர்கள், ஒரே குருதியைக் கழுவியவர்கள், ஒருவரையொருவர் ஒற்றர் என்று எண்ணி நின்றார்கள்!

மாக்கஸ் வந்தான். வாகீசன் ஓரடி விலகினான். புனிதவதி கைகளைக் கோட்டுப் பைக்குள் இறக்கிக்கொண்டாள். பஸ் வந்தால் ஏறிவிடலாம். இறைவனே, பஸ் வந்துவிடாதா?

“அக்கா,” என்றான் மாக்கஸ். “நீ ‘போடு’ சொன்னது. நான் போட்டது. ஏன் அக்கா?”

பஸ் வந்தது. கதவு திறந்தது. உள்ளே வெப்பம் இருந்தது; அவளை யாரும் எதுவும் கேட்காத வெற்று இருக்கை இருந்தது. புனிதவதி ஏறவில்லை. கதவு மூடிற்று.

“இல்லை, மாக்கஸ். நான் பொறு எண்டனான். பொறு! வெயிட்!”

“போடு,” என்று அவன் திருப்பிச் சொன்னான்.

“பொறு.”

“போடு?”

“ஐயோ…” என்றான் வாகீசன். சட்டைப் பையிலிருந்து காதடைப்பை எடுத்துச் செவியில் செருகி, முதுகைக் காட்டித் தூரப்போய் நின்றான். “ஒரு லொறி போகேக்கை கத்துங்கோ அக்கா!”

லொறி இரைந்து போனது. அவள் கத்தினாள். அவன் திரும்பினான்.

“போடு எண்டீங்கள்.”

“பொறு எண்டுதானடா சொன்னனான்!”

அவன் பிறந்தது யாழ்ப்பாணத்தில், தாய்மொழி தமிழ். அவன் செவிக்கும் அது ‘போடு’தான். மெலனியும் காதடைப்பைச் செருகிக் கேட்டுப் பார்த்தாள். தனக்கு இரண்டும் ‘ரொட்டி’ என்றுதான் கேட்கிறது என்றாள். சிரிக்கக் கூடாத நேரத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. வெடித்த வேகத்திலேயே அடங்கியது.

வைத்தியசாலைக்கு அழைப்பு எடுத்தார்கள். மருந்து மயக்கத்தில் இழுபட்ட நிலாணியின் குரல் குளிர்காற்றில் எல்லோருக்கும் கேட்டது.

“அக்கா, ஏன் ‘போடு’ எண்டு கத்தினீங்கள்?”

புனிதவதி தொலைபேசியை வாயருகே இழுத்தாள்.

“உனக்கும் அப்பிடியே கேட்டது, பிள்ளை? நான் பொறு எண்டுதான்…”

“பொறுவோ? எனக்குப் போடு எண்டு கேட்டபடியால்தான் பதறிக் கையை இழுத்தனான். இல்லாட்டி மணிக்கட்டோடை போயிருக்கும். மாக்கஸ் நிக்கிறாரோ? அவரிலை பிழையில்லை எண்டு சொல்லுங்கோ. அண்ணை போன் எடுத்தவர், அவன்தான் பிழை எண்டு சொல்லட்டாம். மயக்கத்திலை நானும் ஓம் எண்டிட்டன்.”

வாகீசன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். மாக்கஸ் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அதன்பின் அடைபட்ட வாய்கள் திறந்தன. உன்மேல்தான் தமிழர் எல்லோரும் பழி சொல்கிறார்கள் என்று மாக்கஸுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நீ பொதிசெய்வதில் காட்டிய தாமதத்தால்தான் மா சிக்கியது என்று மெலனிக்குச் சொல்லப்பட்டிருந்தது. இவர்களோடு சேராதே, உன்னை மேலே தூக்கிவிடுகிறேன் என்று வாகீசனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த அறையிலிருந்து ஆளுக்கொரு பொய்யைச் சுமந்து வந்தவர்கள், அவற்றை அந்தப் பனிக்குவியலின்மேல் இறக்கி வைத்தார்கள். இறக்கியபின் எஞ்சிய கேள்விகளுக்கு ஒரே விடைதான். கயிற்றை அவிழ்த்தவர் யார்? வாய்க்குப் பூட்டுப் போட்டவர் யார்? ஒரு சொல் பிழைத்தால் ஒரு கை போகும் என்ற நிலைக்கு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தியவர் யார்?

“சட்டம் இருக்கு அக்கா,” என்றான் வாகீசன். “பாதுகாப்பில்லாத வேலையை மாட்டன் எண்டு சொல்லலாம்.”

“சட்டம் இருக்கும். நாளையிண்டைக்கு எனக்கு வேலை இருக்குமோ? அவர் என்ரை கேஸையெல்லோ இழுக்கிறார்.”

“வேலையை மறுக்கிறதுக்கும் உங்கடை கேஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தாள் உங்களை வெருட்டுது.”

“வெருண்டுதான் போனன், தம்பி.”

“நானும்தான்,” என்றான் அவன்.

இனிச் சொல் வேண்டாம், சைகை வேண்டும் என்றான் மாக்கஸ். ஆபத்தென்றால் இப்படி என்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினான். புனிதவதி தன்னையறியாமல் பின்வாங்கினாள்.

“அது வேண்டாம். ரெண்டு கையும் தூக்கி நாங்கள் நடந்து வந்தனாங்கள்… ஆமியிட்டை.”

வாகீசன் மொழிபெயர்த்தான். மாக்கஸ் மெல்லத் தன் கைகளைப் பார்த்தான். என் மகனுக்கும் நான் அதையே பழக்கியிருக்கிறேன், பொலிஸ் மறித்தால் செய்வதற்கு என்றான். ஒரு கையை இறக்கினான். மற்றது உயர்ந்தே நின்றது. விரித்த ஐந்து விரல்கள்.

“ஒரு கை,” என்றாள் புனிதவதி. “காணுறவையும் தூக்கோணும். விசையடி வரைக்கும் அது போகோணும்.”

மறுநாளும் விடியுமுன் மா மூட்டைகள் வாய் பிளந்தன. கழுவிய உருளைகள் பளபளத்தன. நிலாணியின் இடத்தில் புனிதவதி நின்றாள். நேற்றுப் பேசியவர்கள் இன்றும் அவர்கள்தானா? இரவோடு இரவாக எவருக்கேனும் தொலைபேசி போயிருக்குமோ? மெலனி ஏன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை? றெமிஜியஸ் தாமே வந்து பட்டியருகில் நின்றார்.

“சரி, போடு!”

மாக்கஸ் விசையில் கைவைத்து அவளை நோக்கினான். அவள் கையை உயர்த்தினாள்.

ஒருவரும் அசையவில்லை. தூக்கிய ஒற்றைக் கை, மாத்தூள் மண்டலத்தில் தனித்து நின்றது. முடிந்தது என்று எண்ணினாள். எல்லாம் முடிந்தது. அப்போது மெலனியின் கை எழுந்தது. குளிர் அறை வாசலில் வாகீசனின் கை எழுந்தது. பஸ் தரிப்பிடத்துக்கே வராத பெண்களும், ஏனென்று முற்றாக அறியாமலே, ஒருவரைப் பார்த்து ஒருவர் உயர்த்தினார்கள்.

“என்ன உது? பள்ளிக்கூடமே? கையை இறக்குங்கோ!”

“கயிறு வேணும்,” என்றாள் புனிதவதி.

“என்ன கயிறு?”

“நீங்கள் அவிட்ட சிவப்புக் கயிறு. அதைக் கட்டுமட்டும் பட்டி ஓடாது, முதலாளி.”

றெமிஜியஸின் முகம் கறுத்தது. “முதலாளியோ? நேற்றுவரை அண்ணை எண்ட வாய்!”

“அண்ணை எண்டால் முதல் அவளின்ரை விரலைத் தேடியிருப்பீங்கள். நீங்கள் உருளையைக் கழுவச் சொன்னனீங்கள்.”

“உம்முடைய கேஸ் என்னாகும் எண்டு…”

“அதை இங்கிலீசிலை சொல்லுங்கோ,” என்று வாசலிலிருந்து வந்தது வாகீசனின் குரல். “எல்லாருக்கும் விளங்கட்டும்!”

முதலாளி வாயை மூடினார். புனிதவதி சொன்னாள்: “கத்தினது நான். பொறு எண்டு கத்தினனான். ஆர் வந்து கேட்டாலும் நான் சொல்லுவன்.”

“மாக்கஸ்!” அவர் அலறினார். “போடு!”

இயந்திரங்கள் ஓடாத அந்த அமைதியில் சொல் பிழையின்றிக் கேட்டது. மாக்கஸ் காதடைப்பைக் கழற்றினான். விசையிலிருந்து கையை எடுத்தான். அதை உயர்த்தினான். நேற்று, பிறகு வந்த பஸ்ஸில் வழி முழுதும் அவளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு சொல்லை, நாவை மடித்து, வல்லின றகரத்தை அழுத்தி, தெளிவாகச் சொன்னான்.

“பொறு.”

றெமிஜியஸ் தொலைபேசியை எடுத்து வெளியே போனார். பொலிஸை அழைப்பாரோ, புதிய ஆட்களை அழைப்பாரோ, எவருக்கும் தெரியாது. கயிறு இன்னும் கட்டப்படவில்லை. நிலாணியின் விரல்கள் திரும்பப் போவதில்லை. உருளைகள் அசையாது நின்றன. அந்த ஆலையில் முதல்முறையாக ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது.

புனிதவதியின் தோள் கடுத்தது. மெலனி பட்டியைச் சுற்றி வந்து, தன் கையைத் தாழ்த்தாமலே, மற்றக் கையால் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.