சவரியம்மாவின் பேரில் ஒரு நாய்

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய பங்களாவின் சாப்பாட்டறையில் ஏழு வெள்ளிக் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஏழும் கண்டியில் வருடாவருடம் நடக்கும் நாய்ப் போட்டியில் கிடைத்தவை. நாய் காலோடு ஒட்டி நடக்க வேண்டும், சொன்ன இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும், எறிந்த கட்டையை எடுத்து வர வேண்டும், கூப்பிட்டதும் ஓடி வர வேண்டும். கோப்பைகளில், தோட்டத்தை அடுத்தடுத்து நடத்திய மூன்று தொரைமாரின் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. அந்த நாய்களைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியவள் பங்களா ஆயா சவரியம்மா. அவள் பெயர் எதிலும் இல்லை. சனிக்கிழமைதோறும் சாம்பல் போட்டு அவற்றைத் துலக்குவது மட்டும் அவள் பங்கு.

1979இல் பங்களாவின் அல்சேஷன் மூன்று குட்டிகள் போட்டது. பொட்டையை அப்போதைய தொரை தனக்கென்று வைத்துக்கொண்டார். இரண்டு கடுவன்களில் ஒன்று பெரிய கிளாக்கர் நோபர்ட்டுக்கு, மற்றது சவரியம்மாவுக்கு என்றார். முதலில் தெரிவு செய்வது நோபர்ட். மிஞ்சுவதுதான் அவளுக்கு.

ஒன்று செவலை. எலும்பு பருத்தது, கலண்டர் படத்தில் போடலாம் போன்ற அழகு. மற்றது கறுப்பு மூஞ்சி, ஒரு காது நிமிரவே மாட்டேன் என்றது. ஆனால் ஐந்தாவது வாரத்திலேயே தன்னைவிட நீளமான விளக்குமாற்றை அறை அறையாக இழுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தது அதுதான். அன்றைக்கே சவரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கோப்பையிலாவது தன் பெயர் ஏறுவதென்றால் அது இந்தக் கறுப்பனால்தான்.

நோபர்ட்டுக்கும் ஆசை குறைவில்லை. மூன்று வருடம் தோற்றவர். போன வருடம் அவருடைய நாய் உட்காரச் சொன்ன இடத்திலிருந்து எழுந்துபோய் நடுவரின் மீன் வைத்த மாலு பாணைத் தின்றிருந்தது. இந்த முறை கண்டியிலிருந்து புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, குட்டியை எப்படிச் சோதிப்பது என்று மாதா கோயில் வாசலில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினார். காகித உருண்டையை எறிந்து பார்ப்பது, மல்லாக்கப் புரட்டிப் பார்ப்பது, தகரத்தைப் போட்டுச் சத்தத்துக்கு மிரளுகிறதா என்று பார்ப்பது. சவரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவிசேஷம் கேட்பதுபோல் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அடுத்த ஆறு நாளும் செவலைக்குக் காகிதத்தில் கருவாட்டுத் துண்டைச் சுருட்டி எறிந்தாள். ஞாயிறு காலை கறுப்பனுக்குச் சோறும் கருவாடும் பிசைந்து, வயிறு மத்தளமாகும்வரை ஊட்டினாள்.

பூசை முடிந்து நோபர்ட்டும் மனைவி மார்ஜரியும் குசினிப் பக்கத்து முற்றத்துக்கு வந்தார்கள். காகித உருண்டை விழுமுன்பே செவலை பாய்ந்து கவ்வியது. கறுப்பன் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மல்லாக்கப் புரட்டினால் அப்படியே குறட்டை விட்டது. மார்ஜரி புள்ளிகளை எழுதினாள். சவரியம்மா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டாள்.

பிறகு நோபர்ட் பிஸ்கட் தகரத்தின் மூடியைச் சீமெந்துத் தரையில் போட்டார்.

சவரியம்மா ஒன்றை மறந்திருந்தாள். அந்த வீட்டில் எந்தக் குட்டிக்கும் தகர மூடியைத் தட்டாமல் அவள் சோறு வைத்ததில்லை. எந்தச் சத்தத்துக்கும் நாய் மிரளக்கூடாது என்பதற்காக அவளே கண்டுபிடித்த வழி. செவலை தலையைத் தூக்கியது, தட்டு எதுவும் வராததைக் கண்டு படுத்துக்கொண்டது. கறுப்பன் பாதிக் கண்ணைத் திறந்து, வயிறு தரையில் உரச நடந்து வந்து, மூடியைக் கவ்வியது. இரண்டு தடவை நழுவ, இரண்டு தடவையும் திரும்ப எடுத்தது. கொண்டுபோய்ச் சவரியம்மாவின் மடியில் போட்டது.

நோபர்ட் புத்தகத்தை மூடினார். "மார்ஜரி, இத பாத்தியா?"

அந்தக் குரலிலேயே கறுப்பன் கைவிட்டுப் போவது சவரியம்மாவுக்குத் தெரிந்தது. பொய் எல்லாம் செலவாகிவிட்டது. கையில் மிச்சம் இருந்தது உண்மைதான். அதை எடுத்தாள்.

"இதையே எடுங்க ஐயா. கோப்ப வாங்கித் தர்ற குட்டி இதுதான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில வயிறு முட்டச் சோறு போட்டு இதத் தூங்க வச்சதே நாந்தான். நீங்க தூக்கிட்டுப் போயிருவீங்கன்னு. செவலைக்கு கடுதாசில கருவாடு வச்சுப் பழக்கினதும் நாந்தான். மாதா மேல ஆணையா."

நோபர்ட் பதினெட்டு வருடமாகத் தோட்டத்து ஒப்பீசில் லீவு கேட்டு வருபவர்களின் காரணங்களைக் கேட்டு வந்தவர். ஒன்றையும் முதல் தடவையில் நம்பியதில்லை. கேட்காமலே ஆணையிடுகிறவர்களை இரண்டாம் தடவையும் நம்பியதில்லை. அவர் சிரித்தார்.

"தூங்குமூஞ்சிய நம்ம தலையில கட்டப் பாக்குறா."

"நெசத்தச் சொல்றாப்புல இருக்குங்க," என்றாள் மார்ஜரி.

"நெசமா இருந்தா ஏன் சொல்றா?"

செவலை நோபர்ட்டின் கையில் ஏறிப் போனது.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சோற்று விசயத்தைப் பங்குச் சுவாமியிடம் சொல்வதா என்று சவரியம்மா யோசித்தாள். சம்பந்தப்பட்டவரிடமே சொல்லியாயிற்று, அவர் நம்பாதது தன் பாவமில்லை என்று முடிவு செய்து, வேறு சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறு வருடம் கண்டி மைதானத்தில் நடுவர் எறிந்த கட்டையைச் செவலை திரும்பியும் பார்க்கவில்லை. நடுவரின் கையிலிருந்த புள்ளித் தாளைப் பறித்துக்கொண்டு போய்ப் படுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று கிழித்துப் பார்த்தது. நோபர்ட் வானத்தைப் பார்த்தார்.

சவரியம்மாவின் முறை வந்தது. கறுப்பன் நடந்தது, உட்கார்ந்தது, கட்டையை எடுத்து வந்தது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து கூப்பிட வேண்டிய கட்டத்தில் அவள் குரல் பாதி வழியிலேயே அமுங்கியது. அவள் இடுப்புச் சேலைக்குள்ளிருந்து தகர மூடியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். ஒற்றைக் காது மடங்கியபடியே கறுப்பன் பறந்து வந்தது. இது செல்லாது என்றார் ஒருவர். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எதைக்கொண்டு கூப்பிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. முதலில் கை தட்டியவள் மார்ஜரி.

இரண்டாம் பரிசுதான். சின்னக் கோப்பை. ஆனால் 'சவரியம்மா, எல்கடுவ' என்று ஆழமாக வெட்டியிருந்தார்கள். அதைச் சாப்பாட்டறையில் ஏழுக்கும் முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்த தொரை, ஒன்று பளபளக்க மற்ற ஏழும் மங்கிக் கிடப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டார்.

"சாம்பல் தீந்து போச்சுங்க தொரை," என்றாள் சவரியம்மா.

அவள் முதுகுக்குப் பின்னால் குசினியில் இரண்டு விறகடுப்பும் எரிந்துகொண்டிருந்தன.