நான் வாங்கிய அடிக்கு அவனுக்கு மதிப்பெண்

பொறாமைதான், வேறென்ன. மனநோய் வந்த அண்ணனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சின்ன வயதில் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். மனச்சிதைவு என்று டாக்டர் சொன்ன பிறகு, அம்மா சாகும்வரை அவன் பின்னாலேயே ஓடினாள். இப்போது இந்த நோய் வந்தவர்களின் சின்ன வயது வேதனையை அளப்பதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறதாம். என்னுடையதைக் கேட்கத்தான் நாதியில்லை.

ஆய்வு செய்யும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் கேள்வியை அச்சடித்திருக்கிறபடியே வாசிப்பாள். 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'அடிக்கடி' வரை நாலைந்து பதில்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அண்ணன் அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். துணைக்கு வந்தவர்கள் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் யாராவது தழும்பு விழும்படி அடித்தார்களா என்று முதலில் கேட்டாள்.

"அடிக்கடி," என்றான் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன்மேல் அப்பாவின் சுண்டுவிரல்கூடப் பட்டதில்லை. அறைக்குள் தள்ளிப் பூட்டினார்களா என்றாள். அதற்கும் அடிக்கடி. செத்துத் தொலை என்று திட்டினார்களா? அடிக்கடி. பெல்ட்டும் பூட்டும் வசவும் எனக்கு நடந்தவை. புதுச் சட்டை, நல்ல பள்ளிக்கூடம், அம்மாவின் மடி என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டவன், நான் வாங்கிய அடியைக்கூடவா விட்டுவைக்கக் கூடாது? அந்தப் பெண் வேறு 'ஐயோ பாவம்' என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடி வாங்கினது நான்," என்றேன். "இவன் கதவுக்கு வெளிய சொகுசா நின்னுட்டிருந்தான்."

விதிப்படி அவள் என்னை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பேனாவை வைத்துவிட்டு, இதெல்லாம் உங்களுக்கு நடந்ததா, இல்லை பார்த்ததா என்று அவனிடம் நிதானமாகக் கேட்டாள்.



"பாக்கல. கேட்டுச்சு," என்றான் அண்ணன். "இப்பவும் கேக்குது. உள்ள இருந்து தங்கச்சி கதவைத் திறடா, திறடான்னு கத்துறா. எங்கிட்ட சாவி இல்லன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறா. இவ பக்கத்துல இருந்தாத்தான் நிறுத்துறா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

நான் கத்தியது அந்த வீட்டில் ஒருத்தர் காதிலும் விழவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக இவன்மேல் எரிந்துகொண்டிருந்தேன்.

"அடிக்கடின்னே இருக்கட்டும்," என்றேன். "அவன் சரியாத்தான் சொல்றான்."