நிரப்பினால் நிற்கும் வண்டி

லாண்டரிக்காரரின் வேன் ஆள் பார்த்து நின்றது. அவர் ஓட்டினால் நிற்கும், மைத்துனன் ஓட்டினால் நிற்காது. மனைவியின் தம்பி என்பதால் அவன் வண்டியை இரவல் கேட்டால் மறுக்க முடியாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வண்டியைத் திருப்பி விடும்போது அவன் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"எங்கிட்ட பூ மாதிரி ஓடுது மாமா. நீங்கதான் அதை ரொம்ப மிரட்டுறீங்க போல."

வேன் பழையது, டீசல். மனைவி வெளுத்து, தேய்த்து, மூட்டை கட்டி வைக்கும் விரிப்புகளையும் அங்கிகளையும் மருத்துவமனையில் காலையின் முதல் அறுவைக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை வழியில் நின்று தாமதமாகியிருந்தது. மருத்துவமனை மேலாளர் அம்மா கத்தவில்லை. "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் லாண்டரிக்காரருக்குத் தூக்கமாவது வந்திருக்கும். மற்ற வாடிக்கையெல்லாம் உதிரி. அந்த மருத்துவமனை கைவிட்டுப்போனால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

வியாதி எப்போதும் ஒரே மாதிரி. வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஏற்றம் வந்ததும் இழுவை குறையும். மிதித்தால் கேட்காது. இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், நானா நின்றேன் என்பது போலக் கிளம்பும்.

மெக்கானிக் பொறுமைசாலி. "டீசல் எஞ்சின் பாவம் முதலாளி, அதிகம் கேக்காது. பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி கூடக் கேக்காது. காத்தை இறுக்கி அமுக்கினா அதுவே கொதிக்குது, அதுல டீசலைத் தூவினா பத்திக்குது. நின்னுச்சுன்னா, ஒண்ணு காத்து வரல, இல்ல டீசல் வரல" என்றார். அந்த வரிசையிலேயே தேடினார். காற்று வடிகட்டியை மாற்றினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பை மாற்றினார். பிறகு, "சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அப்ப எஞ்சினுக்குள்ள டீசலைத் தூவுற பெரிய பம்புலதான் கோளாறு" என்று அதையும் கழற்றி வேலை பார்த்தார். ஒவ்வொரு முறையும் பட்டறையிலிருந்து ஓட்டிப் பார்த்தால் வேன் குதிரையாகப் பறந்தது. மறுநாள் லாண்டரிக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று டேங்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புவார். அதே ஏற்றத்தில் நிற்கும். டீசலில் கலப்படமோ என்று பங்க்கைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார்.

"இது நோயாளி டாக்டரைப் பாத்ததும் நடிக்கிற கேஸு. நாளைக்கு நானே கூட வர்றேன்" என்றார் மெக்கானிக்.

"தம்பியையும் கூட்டிட்டுப் போங்க. நின்னா தள்ளறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?" என்றாள் மனைவி.

மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள். ஏற்றம் வந்தது. இழுவை குறைந்தது. இரண்டு குலுக்கல். நின்றது.

"நான் ஓட்டியிருக்கலாம்" என்றான் மைத்துனன்.

"பத்து நிமிஷம் விடு, கிளம்பிரும்" என்றார் லாண்டரிக்காரர், அவனைப் பார்க்காமல்.

விட்டார்கள். கிளம்பவில்லை. இன்னும் விட்டார்கள். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. லாண்டரிக்காரர் பின்னால் இருந்த மூட்டைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக்கின் முகமோ மலர்ந்தது. இறங்கிப்போய் ஃபீட் பம்பின் மேல் இருக்கும் கைப்பம்புக் குமிழை அழுத்தினார். அழுத்திய குமிழ் தானாக மேலே எழ வேண்டும். அது உள்ளேயே கிடந்தது.

"பாத்தீங்களா? உறிஞ்சுது, ஆனா ஒண்ணும் வரல. பெரிய பம்பு மேல நான் பழி போட்டது தப்பு. டேங்குக்கும் இதுக்கும் நடுவுலதான் சமாச்சாரம். சரி, இதுக்கு முன்னாடி நின்னப்பல்லாம் கிளம்பிச்சே, அப்ப என்ன பண்ணீங்க?"

"சும்மா ஆற விட்டேன்."

"இன்னைக்கும் அதைத்தானே பண்ணோம்? நல்லா யோசிச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க. இல்லேன்னா டேங்கை இறக்கணும். நிறைஞ்ச டேங்கு. நடுரோட்டுல. மத்தியானம் ஆயிடும்."

யோசிக்க ஒன்றும் இல்லை. இன்று செய்யாமல் விட்டது எது என்று லாண்டரிக்காரருக்கு நன்றாகவே தெரியும். அதை மைத்துனன் முன்னால் சொல்வதற்குத்தான் நாக்கு எழவில்லை.

"மாப்ள, கொஞ்சம் மேல ஏறிப் போய், நம்மளைக் கட்டி இழுக்க லாரி ஏதாவது வருதான்னு பாரேன்."

"இங்கேருந்தே தெரியுது மாமா. வரல."

சட்டைப்பையில் கைபேசி அலறியது. மருத்துவமனை எண். அது அடித்து ஓய்ந்தது.

"டேங்க் மூடியைத் திறந்து பாப்பேன்" என்றார் லாண்டரிக்காரர் கடைசியில், டயரைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

"டீசல் இருக்கான்னு. ஒரு குச்சியில கோடு போட்டு வச்சிருக்கேன். விட்டு அளப்பேன்."

"அதான் டீசல் முள்ளு காட்டுதே?"

"முள்ளு எவ்வளவு இருக்குன்னுதான் காட்டும். யார் எடுத்தாங்கன்னு..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அவருடைய வண்டியைப் போலவே, நிற்கக் கூடாத இடத்தில்.

மெக்கானிக் கையை நீட்டினார். லாண்டரிக்காரர் பனியனுக்குள் கையைவிட்டு, கயிற்றில் தொங்கிய சின்னச் சாவியை எடுத்துக் கொடுத்தார். சாவியைத் திருப்பி மூடியை இழுத்ததும் டேங்க் உஸ்ஸ் என்று நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. நீருக்கடியில் அமுக்கி வைத்திருந்தவனை வெளியே விட்டது போல இருந்தது.

"இந்த மூடி எப்ப போட்டீங்க?"

"கொஞ்ச மாசம் ஆச்சு."

"வண்டி நிக்க ஆரம்பிச்சு?"

லாண்டரிக்காரர் மறுபடி டயரைப் பார்த்தார். மெக்கானிக் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரகசியம் பிடிபட்ட சந்தோஷத்தில் அவர் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துப் பாருங்க, ரெண்டு மடக்கு ஊத்திட்டு நின்னுரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா கொட்டும். உள்ள இருக்கறது வெளிய வரணும்னா அந்த இடத்துக்குக் காத்து போயாகணும். பழைய மூடியில அதுக்கு ஊசித்துளை இருந்துச்சு. இந்தப் பூட்டு மூடியில ரப்பர் வளையம் போட்டு இறுக்கி வச்சிருக்கான். எஞ்சின் டீசலைக் குடிக்குது, டேங்குக்குள்ள வெற்றிடம் ஏறுது, கடைசியில டேங்கு டீசலைப் பிடிச்சு வச்சுக்குது. ஏத்தத்துல தாகம் ஜாஸ்தி, அதனால அங்க நிக்குது. நீங்க திறந்து பாக்குறப்பல்லாம், அறியாமலே வைத்தியம் பண்ணியிருக்கீங்க!"

"அப்ப எங்கிட்ட ஏன் நிக்கல?" என்றான் மைத்துனன்.

"நீங்க எடுக்கறப்ப டேங்கு அடிமட்டத்துல இருந்திருக்கும். மேல நிறைய காத்து. கொஞ்சம் டீசல் குறைஞ்சா அந்தக் காத்து விரிஞ்சு சமாளிச்சுக்கும். முதலாளி விளிம்பு வரைக்கும் நிரப்புறார், மேல ஒரு டம்ளர் காத்துதான் மிச்சம். அது எவ்வளவு விரியும்? நிரப்ப நிரப்ப சீக்கிரம் நிக்கும்."

மைத்துனன் மூடியைக் கையில் வாங்கிப் புரட்டினான்.

"இதுல பூட்டா இருக்கு?"

அவனுக்காகவே வாங்கிய பூட்டை அவன் அன்றுதான் பார்த்தான். டீசல் ஊற்றுகிறவன் கண்ணில் பட்டிருக்கும், ஊற்றும் பழக்கம் அவனுக்கு இல்லை. டீசல் திருடுகிறவன் கண்ணிலும் பட்டிருக்கும் என்பது லாண்டரிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. டேங்க் காலியானதெல்லாம் அவன் ஓட்டியே தீர்த்ததுதான்.

"யாருக்காக மாமா இது?"

"தெருவுல திருட்டு ஜாஸ்தி..."

"நம்ம தெருவுலயா?"

மெக்கானிக் குறுக்கே வந்து காப்பாற்றினார். காப்பாற்றியதாக அவர்தான் நினைத்தார். "விடுங்க தம்பி, எல்லாரையும்தான் சந்தேகப்பட்டிருக்கார். ஏன் முதலாளி, எங்கிட்ட வண்டியை விடறப்பவும் எடுக்கறப்பவும் அளந்தீங்களா?"

"சும்மா... ஒரு பழக்கம்."

"அதான் என் பட்டறையில நிக்கவே இல்ல!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் மெக்கானிக். சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிந்தது.

திருப்புளியால் மூடியின் ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து எறிந்தார். கைப்பம்பை அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். இப்போது குமிழ் துள்ளி எழுந்தது. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. வேன் ஏற்றத்தை அனாயாசமாக ஏறியது. உள்ளே மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி போனார்கள்.

மருத்துவமனைப் பின்வாசலில் மேலாளர் அம்மாவே நின்றிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். "தள்ளுவண்டியில ஏத்துங்க, சீக்கிரம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் லாண்டரிக்காரரின் கடை பிழைத்தது.

கைபேசி மறுபடி அடித்தது. மனைவி. லாண்டரிக்காரரின் தோளில் மூட்டை இருந்ததால் மைத்துனன் உரிமையோடு அவர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான்.

"ஆமாக்கா, வந்துட்டோம். நின்னுச்சு, சரியாயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினான். மூட்டையின் கீழ் லாண்டரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "டேங்குக்குள்ள காத்து போகல. மூடியில கோளாறு. யார் கண்டுபிடிச்சதா? மாமாதான். மெக்கானிக்கால கூட முடியல. மாமா ஒரு வார்த்தைதான் சொன்னார், முடிஞ்சுது."

மறுமுனையில் அக்கா வியந்தது வெளியில் கேட்டது. திட்டு வாங்கியிருந்தால் அன்றோடு கணக்குத் தீர்ந்திருக்கும் என்று லாண்டரிக்காரருக்குத் தோன்றியது. மைத்துனன் கைபேசியைப் பத்திரமாக அவர் பையில் திரும்ப வைத்தான். பிறகு, மூட்டை எதையும் தொடாமல் போய் வேனில் ஏறிக்கொண்டான்.

லாண்டரிக்காரர் யாரையும் கூப்பிடவில்லை. மிச்ச மூட்டைகளையும் தானே இறக்கினார். முடித்துவிட்டு வந்து பார்த்தால், மைத்துனன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"ஏறுங்க மாமா, போலாம்."

லாண்டரிக்காரர் சுற்றிக்கொண்டு போய், மெக்கானிக்கைக் கொஞ்சம் நகரச் சொல்லி, மறுபக்கம் ஏறினார்.