முப்பது கிலோ தக்காளி

ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய். ஷில்பாவின் அங்காடியில் சண்முகத்தின் பெயருக்கு எதிரே நின்ற பாக்கி அது. அரிசி, எண்ணெய், பால் பாக்கெட், மகள் மகா காய்ச்சலில் கிடந்தபோது வாங்கிய ரொட்டி என்று சிறுகச் சிறுக ஏறி, இறங்க மறந்து உட்கார்ந்துவிட்டது.

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன் ரீ," என்று ஷில்பா சொல்லியிருந்தாள். கன்னடக்காரி, ஆனால் அந்தத் தெருவில் வியாபாரம் செய்து செய்து தமிழ் தண்ணீர் பட்ட பாடாக வரும்; மரியாதைக்குச் சொல்கிற 'ரீ' மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. "துண்டு துண்டா குடுக்கற வேலை வேணாம். போன தடவை ஐந்நூறு குடுத்து அறுநூறுக்கு சாமான் எடுத்துட்டு போனீங்க. முழுசா குடுங்க. இல்லேன்னா உங்க ஃபேக்டரி கேட்டுல வந்து நிப்பேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் சண்முகம் பயந்தான். பெங்களூர் பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் அவன் லோடு ஏற்றுகிற ஆள். காண்ட்ராக்ட் வேலை. எவனைத் தேடிக் கடன் கொடுத்தவர்கள் கேட்டுக்கு வருகிறார்களோ, அவனுக்கு மறுநாள் கேட் பாஸ் கிடையாது என்பது காண்ட்ராக்டரின் சட்டம். போன மாசம் ஒருவன் அப்படித்தான் போனான். அவன் இடத்தில் இன்னொருவன் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

அதனால் சண்முகம் பெரிய ரோட்டில் நடப்பதையே விட்டுவிட்டான். அந்த ரோட்டில் போனால் அங்காடியைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. பெயின்ட் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக, ஒரு ஆள் மட்டும் நடக்கிற மாதிரி ஒரு தடம் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதில் போய் வந்தான்.

கையில் ஆயிரத்து நூற்று அறுபது இருந்தது. இன்னும் அறுநூறு வேண்டும். கேட்கிற இடமெல்லாம் கேட்டாயிற்று. அந்த நேரத்தில்தான் மகா பள்ளியிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தாள்.

மகா அரசாங்கப் பள்ளியில் நாலாங்கிளாஸ். கன்னட மீடியம். அங்கே வருஷத்துக்கு ஒரு தரம் குழந்தைகள் சந்தை நடக்கும். பிள்ளைகள் கீரை, எலுமிச்சை, கறிவேப்பிலை என்று எதையாவது கொண்டுவந்து பள்ளி மைதானத்தில் கடை போடுவார்கள். ஊர்க்காரர்கள் வந்து வாங்குவார்கள். புத்தகத்தில் படித்த கூட்டலும் கழித்தலும் கையில் வர வேண்டும் என்று இந்த ஏற்பாடு. லாபம் வந்தால் அது பிள்ளைக்கே.

"லாபம் நமக்கேவா?" என்று சண்முகம் இரண்டு தரம் கேட்டான்.

அன்று ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. மொத்த மார்க்கெட்டில் தக்காளி கிலோ இருபது. இங்கே நாற்பது. முப்பது கிலோ எடுத்தால் அறுநூறு போகும்; ஐந்நூற்று அறுபது கையில் நிற்கும். விற்றால் ஆயிரத்து இருநூறு. இரண்டையும் கூட்டினால் ஆயிரத்து எழுநூற்று அறுபது. மீதியே இல்லாமல், புத்தகத்தில் வருகிற கணக்கு மாதிரி வந்து நின்றது. அவனுக்கே நம்பிக்கை வராமல் தட்டில் விரலால் மறுபடி போட்டுப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பிளாஸ்டிக் கிரேட் நிறையத் தக்காளியை, காசு வாங்காத தெரிந்தவன் ஆட்டோவில் கொண்டுபோய்ப் பள்ளியில் இறக்கினான். மகாவின் டீச்சர் நிருபமா மிஸ் வாசலில் நின்றார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாகப் பெங்களூர்.

"என்னங்க சண்முகம், மத்த பசங்க ஒரு கூடை கொத்தமல்லி கொண்டுவராங்க. நீங்க லாரி லோடு இறக்கறீங்க?"

"கொழந்த ஆசப்பட்டா மிஸ்," என்றான். பொய்யைச் சொல்லிவிட்டு ஆட்டோவை அனுப்பப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் மகாவை உட்காரவைத்தான்.

"ஒரு கிலோ நாப்பது. மூணு கிலோ எவ்ளோ?"

"நூத்தி இருபது."

"ஐந்நூறு ரூவா நோட்டு குடுத்தா?"

"முந்நூத்தி எம்பது திருப்பித் தரணும்."

"ஒன்றரை கிலோ?"

"அறுபது. அப்பா, உன் கணக்குல எல்லாம் தக்காளியே வருது. எங்க புக்குல மாம்பழம் வரும், பென்சில் வரும், ரயில் கூட வரும்."

"ரயிலு அப்பால வரட்டும். ரெண்டே கால் கிலோ?"

மனைவி தமயந்தி ஹவுஸ்கீப்பிங் வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்றாள். "கொழந்தைய வெச்சு கடன் அடைக்கப் பாக்கற ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான்," என்றாள். சண்முகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்த நோட்டுக் கொடுத்தால் எவ்வளவு மீதி என்று எல்லாக் கணக்கையும் கேட்டான். காசே கொடுக்காதவன் கணக்கை மட்டும் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அவனுக்கு முதல் ஷிப்ட். உடம்பு கம்பெனியில் பெட்டி தூக்கியது, மனசு பள்ளி மைதானத்தில் தராசு பிடித்தது. இந்நேரம் அஞ்சு கிலோ போயிருக்கும். இருநூறு. இந்நேரம் பத்து. நானூறு. நடுவில் எண்ணிக்கை தப்பி, மேல் அடுக்கில் வைக்க வேண்டிய பெட்டியைக் கீழே வைத்துத் திட்டு வாங்கினான். ரெண்டு மணிச் சங்கு ஊதியதும் முகத்தைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கு ஓடினான்.

மைதானத்தில் கீரைக் காம்பும் காகிதமும் கிடந்தன. வேப்பமரத்தடியில் மகா கிரேட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கிரேட்டும் காலி. ஒரு தக்காளி இல்லை.

சண்முகத்துக்கு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "வித்துட்டியா! எல்லாமே?"

"எல்லாமே. நம்ம கடதான் ஃபர்ஸ்ட் காலி."

"காசு எங்க கண்ணு?"

டப்பாவை நீட்டினாள். நூற்று அறுபது ரூபாய்.

திரும்ப எண்ணினான். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான். நூற்று அறுபதுதான்.

"மீதி எங்கடி?"

"யாருகிட்டயும் காசே இல்லப்பா. எல்லாரும் ஸ்கேன் பண்ண போனத்தான் காட்டறாங்க. போன் கூடாது, கையில எண்ணிக் குடுத்தாதான் கழித்தல் வரும்னு மிஸ் சொல்லிட்டாங்க. பக்கத்து கடை ஷ்ரேயாஸ், காசு இல்லேன்னா போங்கன்னு எல்லாரையும் அனுப்பிட்டான். அவன் கீரை எல்லாம் அப்படியே வாடிப்போச்சு. நான் விட்டுடுவேனா? எழுதிக்கிட்டேன்."

"எழுதிக்கிட்டியா?"

"நீ அங்காடில சொல்வியே, எழுதிக்கோங்கன்னு. அப்படித்தான்."

சண்முகம் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டான்.

மகா நோட்டைத் திறந்தாள். கன்னட எழுத்து அவனுக்குத் தெரியாது. அவள்தான் விரல் வைத்துப் படித்துத் தமிழில் சொன்னாள். "உமேஷ் அங்கிள் எட்டு கிலோ தக்காளி வாங்கினார். ஒரு கிலோ நாற்பது ரூபாய் என்றால், அவர் எவ்வளவு தர வேண்டும்?" அடுத்தது. "ஷில்பா ஆன்ட்டி பத்து கிலோ..." அதற்கப்புறம் அவர்கள் வீட்டு வரிசையிலேயே ஐந்து வீடு, எல்லாம் சேர்த்து எட்டு கிலோ. ஒவ்வொன்றும் கேள்வியோடு நின்றது. விடை இல்லை.

"விட எங்க?"

"திங்கக்கிழமை கிளாஸ்ல எழுதணும்."

திங்கட்கிழமை! அவனுக்குச் சாயங்காலத்துக்குள் வேண்டும். காலி கிரேட்டை ஒன்றுக்குள் ஒன்று போட முடியாது என்பதுகூட மறந்து, கொஞ்ச நேரம் அதோடு மல்லுக்கட்டினான். பிறகு இரண்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு, "நோட்ட எடு. வா," என்றான்.

முதல் வீட்டு வாசலில் நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. எப்படிக் கேட்பது? சத்தமாகக் கேட்டால் சண்டைக்காரன். மெதுவாகக் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். ஷில்பா எப்படிக் கேட்பாள் என்று யோசித்தான். அவள் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், பிறகு தொகையைச் சொல்வாள், பிறகு பேசவே மாட்டாள். அதேபோல் செய்தான். பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. ஒரு வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். ஒரு வீட்டில், "சந்தை முடிஞ்ச ஒடனேவா? நாங்க என்ன ஊர விட்டா ஓடப் போறோம்?" என்று முகத்தைச் சுளித்தார்கள். அந்த வாசகத்தை அவனே போன மாசம் ஷில்பாவிடம் சொல்லியிருந்தான். ஐந்து வீடும் முடிகையில் முந்நூற்று இருபது கையில் சேர்ந்தது, வெயிலும் சாய்ந்துவிட்டது.

உமேஷ் வீட்டில் அவன் மனைவிதான் இருந்தாள், நாளைய விசேஷத்துக்கு வெங்காயம் உரித்தபடி. "அவரு டூட்டிக்கு போயிட்டாரே." உமேஷ் கம்பெனி பஸ் டிரைவர். பஸ் அந்தப் பக்கம் ஷெட்டில் நிற்பதைச் சண்முகம் வரும்போதே பார்த்திருந்தான். ஆள் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வர வேண்டும். பெரிய ரோட்டில் வந்தால் அவனும் அங்காடியைத் தாண்ட வேண்டும்; வர மாட்டான். எந்த வழியாக வருவான் என்பது சண்முகத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெயின்ட் கம்பெனிச் சுவர் முடிகிற இடத்தில் மகாவோடு போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் சாக்கடை ஓரமாக, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உமேஷ் வந்தான். இவர்களைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். தடம் குறுகல். திரும்பினால் விழுவான்.

"நீ இன்னா குரு இங்க?" என்றான். யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான்.

"நீ எதுக்கு வரியோ, நானும் அதுக்குதான் டெய்லி வரேன். எட்டு கிலோ தக்காளி. முந்நூத்தி இருபது."

"ஐயோ, அது பசங்க விளையாட்டு சந்தெ இல்லியா!"

"வெளையாட்டு தக்காளின்னு சொல்லியா நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துல கொழம்பு வெக்கப் போறீங்க?"

மகா களுக்கென்று சிரித்தாள். உமேஷுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன் உறையைக் கழற்றி, அதற்குள் மடித்து வைத்திருந்த இருநூறு ரூபாயை எடுத்தான். "சத்தியமா இவ்ளோதான். மீதி நூத்தி இருபது சம்பளம் வந்ததும். இங்கயே வந்து தரேன்."

இதற்குமேல் அவனை உதறினாலும் உதிராது என்று சண்முகத்துக்குத் தெரியும். அவனும் அப்படித்தான் நின்றிருக்கிறான்.

பெரிய ரோடு வழியாக அங்காடிக்குப் போனார்கள். கால் தானாகவே பின்வாங்கியது. முன்னால் பெட்டியில் தக்காளி குவிந்திருந்தது. அவனுடைய தக்காளிதான்.

"பத்து கிலோ எடுத்துக்கினு வந்தீங்களாமே அக்கா," என்றான்.

"ஹௌது, ஆமா. அப்பன்கிட்ட வராதது மக கிட்டயாவது வரட்டும்னு எடுத்தேன். தப்பா?"

"தப்பில்ல. கழிச்சுக்கோங்க."

"அதுல ரெண்டு கிலோ நசுங்கல் ரீ."

"ஆன்ட்டி, நீங்கதான் ஒண்ணொண்ணா அமுக்கிப் பார்த்து எடுத்தீங்க," என்றாள் மகா.

ஷில்பா அவளை முறைத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொள்கிற மாதிரி சிரிப்பை மறைத்தாள். "சரி, நீயே கணக்கு சொல்லு பார்க்கலாம்."

சண்முகம் எல்லாப் பணத்தையும் பலகையில் வைத்தான். மகா எண்ணினாள். "ஆயிரத்து எழுநூத்தி அறுபதுல நானூறு போனா ஆயிரத்து முந்நூத்தி அறுபது. இங்க ஆயிரத்து இருநூத்தி நாப்பது இருக்கு. அப்போ..." மேலே பார்த்தாள். "நூத்தி இருபது கொறையுது."

"முழுசா வேணும்னு சொன்னேனா இல்லியா?" ஷில்பாவின் குரலில் சிரிப்பு போய்விட்டது. "இந்த நூத்தி இருபதுதான் நாளைக்கு மறுபடி ஆயிரமா நிக்கும். திங்கட்கிழமை நான் கேட்டுக்கு வரணுமா?"

சண்முகம் ஒரு அடி முன்னால் வந்தான். "அந்த நூத்தி இருபது உமேஷ் எனக்கு தரணும்கா."

"உமேஷா? எனக்கே ரெண்டாயிரம் தரணும் அந்த ஆளு. எந்தப் பக்கமா வீட்டுக்குப் போறான்னே தெரியல."

சண்முகத்துக்குத் தெரியும். வாய்வரை வந்தது. சொன்னால் அவள் நாளைக்கே அங்கே நாற்காலி போட்டு உட்காருவாள். விழுங்கிவிட்டு போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"உமேஷு, எனக்கு தர வேண்டிய நூத்தி இருபத ஷில்பாக்கா கிட்ட உன் பேர்ல ஏத்திடட்டா? எனக்கும் உனக்கும் அத்தோட தீந்துது."

"ஏத்திக்கோ குரு," என்றது போன். "ரெண்டாயிரத்துல நூத்தி இருபது இன்னா தெரியப் போவுது!"

ஷில்பா போனைப் பிடுங்கினாள். "கேட்டேன் ரீ உமேஷ்! உங்க வாயாலயே ரெண்டாயிரம்னு சொன்னீங்க. திங்கட்கிழமை காலையில பஸ்ஸ என் அங்காடி முன்னாடி நிறுத்தி குடுத்துட்டு போங்க!"

உமேஷ் போனை வைத்துவிட்டான்.

ஷில்பா பேனாவை எடுத்து உமேஷ் பெயரில் நூற்று இருபதை ஏற்றினாள். பிறகு சண்முகத்தின் பெயரைக் கண்டுபிடித்து, மேலே ஒரு கோடு, அதன்மேல் இன்னொரு கோடு. "ஆயித்து, முடிஞ்சுது," என்றாள்.

அவன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். கிரேட்டின் பாரம் தலையில் இன்னும் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

"பால் வேணுமா?" என்று ஷில்பா கேட்டாள். பேனா இன்னும் அவள் விரலிடுக்கில்தான் இருந்தது.

சண்முகம் சட்டைப் பையைத் தொட்டான். ஒன்றுமில்லை. மகா அவனையே பார்த்தாள். அவன் வாயில் 'எழுதிக்கோங்க' என்ற அந்தப் பழைய வார்த்தை வந்து நின்றது.

"வேணாங்க்கா. இன்னிக்கு கட்டங்காப்பிதான்," என்று சொல்லிவிட்டுப் பெரிய ரோட்டில் இறங்கி நடந்தான்.