கயிற்றில் ஆறு டோக்கன்

பதினொரு மணி நேரம் நாற்பது நிமிடம். அப்பாவின் புத்தகத்தில் அந்த நேரத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அப்பா மனோகர் மலையேறுபவர். மலைகளைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார். மூன்றாவது, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் போன இமயமலைப் பயணத்தைப் பற்றியது. அந்தப் பயணத்தில் அவருடைய நண்பர் பர்னபாஸ் இறந்துபோனார். அப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியைத் தோண்டி நண்பரை எடுத்ததில் போனவை. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்கிறேன். வாரத்தில் ஆறு நாள் ரயிலில் பெங்களூருக்குப் போய் ஓர் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் புத்தகம்.

அப்பாவும் பர்னபாஸ் அங்கிளும் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், தொழிலாளர் வீடுகளின் ஒரே லைனில் பிறந்தவர்கள். இருவரின் அப்பாக்களும் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இறங்கியவர்கள். இவர்கள் முதலில் ஏறியது சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில். ஏறியதற்கு இரண்டு வீட்டிலும் அடி விழுந்தது.

சுரங்கத்தில் இறங்குபவர் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். இந்த வழக்கத்தை இரண்டு நண்பர்களும் மலைக்குக் கொண்டுபோனார்கள். முகாமின் சமையல் கூடாரத்தில் ஒரு கயிறு கட்டினார்கள். ஆறு பேருக்கு ஆறு டோக்கன். மற்றவர்களுக்குத் தகரத்தில் வெட்டியது, இவர்களுக்கு மட்டும் அப்பாக்களின் பித்தளை. குழுத்தலைவர் முதலில் கேலி செய்தார். பிறகு அவரே தினமும் டார்ச் அடித்து எண்ணிவிட்டுத்தான் படுக்கப் போனார்.

பர்னபாஸ் அங்கிள் இறந்த அன்று மாலை ஆறு பத்துக்கு அப்பா சிகரத்திலிருந்து முகாமுக்குத் திரும்பினார். கயிற்றில் ஆறு டோக்கன் இருந்தது. தலைவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் படுத்தார். காலை ஐந்து ஐம்பதுக்கு அப்பா விழித்தபோது பக்கத்தில் பர்னபாஸ் அங்கிளின் படுக்கை காலியாக இருந்தது. முகாமுக்கு மேலே இருநூறு மீட்டரில், கால் முறிந்த நிலையில், உறைந்து கிடந்தார்.

முகாமுக்குத் திரும்பியவர் இரவில் தானாக வெளியே போயிருக்கிறார் என்று அறிக்கை எழுதினார்கள். குடித்துவிட்டு வெளியே போய் விழுந்தார் என்று ஊர் பேசியது. அங்கிள் குடிப்பவர் என்பது எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை முழுக்கத் தெரியும். மலையில் அவர் தொடமாட்டார் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவர் உடலோடு கிடைத்த பொருட்களின் பட்டியல் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைதான் அதைக் கவனித்தேன்.

"அப்பா, நைட்டு வெளிய போறவரு முதுகுப்பைய எதுக்கு மாட்டிக்கினு போனாரு?"

"சொல்றத மட்டும் அடிம்மா," என்றார்.

நான் அடித்தேன்.

நாளை புத்தகம் அச்சகத்துக்குப் போகிறது. அதற்கு முன்னால் கடைசி அத்தியாயத்தைக் கேட்க வேண்டும் என்று அங்கிளின் மனைவி வின்னி ஆன்ட்டி இன்று வந்தார். அவர் வெறுங்கையோடு வருபவர் அல்ல. எனக்கு ஒரு பொட்டலம் கேக்.

"இன்னாண்ணா, பொஸ்தகத்துல எங்க ஆளு எத்தினி பக்கம் வர்றாரு?"

"நெறைய வர்றான்."

"உங்கள வுடக் கம்மியாத்தான் இருக்கும். எழுதற கை உங்க கையாச்சே." சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பார்த்தார். "ஐயோ, வாய் எனக்கு," என்று தன் கன்னத்தில் தட்டிக்கொண்டார்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்தார். 4127.

"அவரு சாமானோட குடுத்து அனுப்பினாங்க. இத படம் புடிச்சு அட்டையில போடுங்க. எங்க மாமனாரு ஒரு நாளும் இத ஒழுங்கா மாட்டினதே கெடையாதாம். கேஜ் லிஃப்ட்ல இருந்து வெளிய வந்ததும் உங்கப்பா கையில குடுத்துட்டு நேரா சாராயக் கடை. உங்கப்பாதான் ரெண்டையும் மாட்டுவாராம். புடிபட்டா ரெண்டு பேருக்கும் ஒரு நாள் சம்பளம் கட்டு!"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. டோக்கனைத் தொடவும் இல்லை.

"அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு அவரு குடிக்கலன்னு எழுதிடுங்க. எட்மண்டுக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துல, போதையில செத்தவரு மகன்தானேன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. எம்புள்ள தலைய குனிஞ்சிக்கினு வந்தான்."

"குடிக்கலன்னு எழுதியிருக்கேன், வின்னி."

"அப்ப இன்னாத்துக்குத் திரும்ப வெளிய போனாரு? அதத்தான கேப்பாங்க? நானே பன்னெண்டு வருசமா அதத்தான் கேட்டுக்கினு கெடக்கறேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஸ்வப்னா, படிம்மா."

மடிக்கணினியின் மேல் சயனைடு மேட்டிலிருந்து வந்த வெள்ளைத் தூசி படிந்திருந்தது. துடைத்துவிட்டுப் படித்தேன். சிகரம், மூடுபனி, இறக்கம். பர்னபாஸ் அங்கிள் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் ஆன்ட்டி கைக்குட்டையை எடுத்தார். அப்பா முகாமுக்கு வந்தது, தூங்கியது. அடுத்து அந்த ஒரு வரி. 'பர்னபாஸ் இரவில் எப்போது வெளியே போனான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.'

நான் அதைப் படிக்கவில்லை.

"இன்னா, நின்னுட்ட?" என்றார் அப்பா.

யார் முன்னாலும் எனக்குக் குரல் எழும்பாது. அப்போதும் எழும்பவில்லை. "இத மட்டும் என்னால படிக்க முடியாதுப்பா," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா மீதி இருக்கும் இரண்டு விரல்களால் டோக்கனை எடுக்கப் பார்த்தார். அது நழுவியது. இடது கையால் எடுத்தார்.

"கடைசி எறக்கத்துல, பனியில வழுக்காம மாட்டற பூட்ஸ் முள்ளோட வாரு அவனுக்கு அந்துபோச்சு. கட்டணும்னு ஒக்காந்துட்டான். முகாம் அங்க இருந்தே தெரியுது, வின்னி. கூப்புட்டா கேக்கற தூரம். 'நீ போடா, டீ போடச் சொல்லு, பின்னாலயே வரேன்'னான்."

ஆன்ட்டி கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"நான் வந்து படுத்தேன். டீ கூட சொல்லல. தூங்கிட்டேன். காலையில லீடரு, ஆறு டோக்கனும் இருக்குதே, வந்துட்டுத்தான் போயிருக்கான்னாரு. நான் வாயத் தொறக்கல."

"வரலன்னா கயித்துல இது எப்பிடி..." என்று ஆரம்பித்த ஆன்ட்டி நிறுத்திவிட்டார்.

"அவன் வரவே இல்ல. நான் எறங்கறப்போ இதக் கழட்டி என் கையில குடுத்தான், வின்னி. மாட்டினது நான்."