வெளுத்த நடு இலைகள்

தெளித்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. பசுமைக்குடிலின் மூன்றாம் வரிசையில் லெட்டூஸின் நடு இலைகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

இலைவழி உரம் கொடுக்கலாம் என்று சொன்னதே நான்தான். வேருக்குப் போவதோடு இலையிலும் நுண்துளியாகத் தெளித்தால் சத்து சீக்கிரம் சேரும், எடை கூடும் என்று அத்தையிடம் ஒரு வாரமாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்திருந்தேன். அளவில் பிழையில்லை, லிட்டருக்கு இரண்டு மில்லி. ஆனால் அன்று காலை உர ஸ்பிரேயரின் கைப்பிடி இறுகிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் முடிக்கும் அவசரத்தில், வெளியே பாதையோரப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கும் ஸ்பிரேயரை எடுத்தேன். ஒரே ஒரு முறைதான் அலசினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இருக்க இடமும் இந்த வேலையும் கொடுத்தது அத்தைதான்.

ஏழு மணிக்கு அத்தையும் மாமாவும் உள்ளே வந்தார்கள். அத்தை குனிந்து நான்கைந்து செடிகளை விரித்துப் பார்த்தாள். மாமா முதலில் உரக்கடைக்காரரைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு வைத்தியம் பாத்தா இலைக்கே ஜுரம் வந்துடும் போல" என்றார். சிரித்து வைத்தேன்.

உரம் கொஞ்சம் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றாள் அத்தை. வெளி இலை பளபளவென்றுதானே இருக்கிறது, மோசமாவதற்குள் இன்றே வெட்டி மருத்துவமனைச் சமையலறைக்கு அனுப்பிவிடலாம் என்றாள். வண்டி ஒன்பதுக்கு வரும். அங்கே இதை வேகவைக்க மாட்டார்கள். நோயாளிகளின் தட்டில் பச்சையாகவே வைப்பார்கள்.

மாமா பெட்டிகளை இறக்கினார். அத்தை என்னிடம் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் வெட்ட ஆரம்பித்தாள். அவள் கை வேகமானது. நான் முதல் செடியின் அடியில் கத்தியை வைத்தபோது, அவள் பெட்டியில் ஆறு விழுந்திருந்தன. ஏழு. எட்டு. என் கத்தி முதல் செடியிலேயே நின்றிருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"வெட்ட வேண்டாம் அத்தை."

"உரம்தானே. நல்லா கழுவினா போயிடும்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். மாமாவும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது உரத்தால வந்தது இல்ல அத்தை. களைக்கொல்லி ஸ்பிரேயர்லதான் நான் உரம் அடிச்சேன்."