பூட்டு சொன்ன தேதி

மூன்றாவது முறையும் கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் எழுதியிருந்தது இரண்டே வரி: ஆய்வகத்து மின்சுற்றுப் பலகையில் எல்லாம் நடக்கும். கடையில் விற்கிற பூட்டில் நடக்குமா?

அவள் மின்னணுப் பூட்டுகளின் சிப்புகளை ஆராயும் முனைவர் பட்ட மாணவி. நான்காம் வருடம். சிப் வேலை செய்யும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்தே அதன் ரகசிய எண்ணைக் கறந்துவிடலாம் என்பது அவள் கட்சி.

அண்ணன் வீட்டுக் கதவில் போன மாதம்தான் அதே சிப் உள்ள பூட்டைப் போட்டிருந்தார்கள். விரல் வைத்தாலும் திறக்கும், ஆறு இலக்க எண்ணை அழுத்தினாலும் திறக்கும். போன் செய்தாள்.

"கதவைக் கழட்டி காலேஜுக்கு அனுப்பச் சொல்றியா?" என்றான் அண்ணன்.

"வேணாம்ணா, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்."

"தாராளமா வா. பத்து லட்சம் நம்பர்ல ஒண்ணு அது. கடைக்காரர் அடிச்சுச் சொன்னார், யாராலயும் முடியாதாம்."

ஞாயிறு காலை சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனாள். பெட்டியின் அளவைப் பார்த்த அண்ணி, "எத்தனை மாசம்மா தங்கப் போற?" என்று கேட்டாள். உள்ளே துணி இல்லை. மின்னோட்டத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி இருந்தது.

"நான் முடி வெட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள திறந்தா சொல்லு" என்று அண்ணன் சிரித்தபடி லிஃப்டில் ஏறினான்.

பேட்டரி தீர்ந்துபோனால் வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கப் பூட்டின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருந்தன. அவற்றில் கம்பியை மாட்டி, நடைவழியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தவறான எண்ணை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்தது. எந்த எண்ணை அழுத்தினாலும் அதே வேகத்தில்தான் எரிந்தது. ஒரு மணி நேரம் போனது. ஒன்றும் பிடிபடவில்லை.

எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், கம்பிகளைப் பார்த்தார், உள்ளே போய்க் காவலாளிக்குப் போன் செய்தார். காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என் நாத்தனார்தான்" என்றாள் அண்ணி, வாசற்படியில் வெங்காயம் உரித்தபடி. "எங்க வீட்டைத்தான் உடைக்கிறா."

"அப்ப சரி" என்று காவலாளியும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்.

அவள் விளக்கை விட்டுவிட்டுக் கோட்டையே பார்க்க ஆரம்பித்தாள். சிப் வேலை முடிந்து ஓய்வுக்குப் போகும்போது கோடு ஒரு படி இறங்கும். முதல் இலக்கமாக 'ஒன்று' அழுத்தியபோது மட்டும் அந்தப் படி மயிரிழை தள்ளி இறங்கியது. சரியான இலக்கம் என்றால்தான் சிப் அடுத்ததைச் சரிபார்க்கப் போகும்; அதனால் ஒரு துளி தாமதம். இனிப் பத்து லட்சம் வேண்டாம். இலக்கத்துக்குப் பத்து, மொத்தம் அறுபது போதும்.

ஐந்து தவறுக்கு ஒருமுறை பூட்டு ஒரு நிமிடம் எந்த எண்ணையும் ஏற்காமல் முறுக்கிக்கொண்டு நின்றது. காவலாளி கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப அடிங்க!" என்று குரல் கொடுத்தார்.

இரண்டாவது இலக்கம் எட்டு என்று வந்தது.

"எட்டா?" அண்ணியின் கை நின்றது. "ஏழுல்ல வரணும்? எங்க கல்யாண தேதியைத்தான் வச்சிருக்கேன்னார். எங்களுக்குக் கல்யாணம் ஆனது பதினேழாம் தேதி."

"நீங்க அழுத்திப் பாத்ததே இல்லையா அண்ணி?"

"நான் விரலை வைக்கிறதோட சரி."

இரண்டாவது தப்பென்றால் மீதியும் தப்பு. கம்பிகளைக் கழற்றித் திரும்ப மாட்டி நாற்பது முறை அளந்தாள். நாற்பது முறையும் எட்டு. ஏழு ஒருமுறைகூட வரவில்லை. கருவி பொய் சொல்லவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனாள். மீதி நான்கும் மளமளவென்று வந்தன. ஆறையும் வரிசையாக அழுத்தினாள்.

விர்ரென்று தாழ்ப்பாள் உள்ளே போனது. காவலாளி கைதட்டினார். அண்ணி கைதட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. புது முடிவெட்டோடு அண்ணன்.

"என்னங்க, நமக்கு எப்பக் கல்யாணமாச்சு?"

"பதினெட்டாம் தேதி" என்றவன், அண்ணி முகத்தைப் பார்த்துத் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"என்னைப் பாக்காத. நான் ஆராய்ச்சி பண்ணது பூட்டை மட்டும்தான்."

"வருஷா வருஷம் பதினெட்டாம் தேதிதானே வாழ்த்து சொல்றேன்!"

"ஒரு நாள் பிந்தினாலும் சொல்றாரேன்னு இருந்தேன்!" என்ற அண்ணிக்குக் கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. வெங்காயத் தட்டை அவன் கையில் கொடுத்து, "மீதியை நீங்க உரிங்க" என்றாள்.

புதிய கட்டுரையைப் படித்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை, "ரெண்டாவது இலக்கத்துக்கு மட்டும் ஏன் நாற்பது அளவு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "முதல்ல பூட்டு செஞ்சவங்களுக்குச் சொல்லு. அவங்க சரி பண்ணட்டும், அப்புறம் வெளியிடலாம்."

நிறுவனத்தின் பொறியாளர் முதலில் நம்பவில்லை. அளவுகளை அனுப்பிய மறுநாள் அவரே கூப்பிட்டார். மூன்று மாதத்தில் சிப்பின் நிரலை மாற்றினார்கள். முதல் இலக்கம் தப்பானாலும் இனி ஆறையும் பார்த்த பிறகே அது ஓய்வுக்குப் போகும். கட்டுரையும் ஏற்கப்பட்டது.

அந்தப் பொறியாளர் புதுப் பூட்டு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, "இதையும் ஒரு கை பாருங்க" என்றார். ஒரு வாரம் முட்டி மோதிப் பார்த்தாள். எந்த எண்ணுக்கும் கோட்டின் படி இம்மியும் தள்ளி இறங்கவில்லை. தோற்றுப்போனதை அன்று ஆய்வகம் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.